மருந்து ஸ்டோரின் மஞ்சள் கோடு

புக்கிட் ரோத்தான் பட்டணத்தைக் கடந்து செம்பனைக் காட்டுக்குள் செல்லும் சரளைச் சாலையின் முடிவில் எங்கள் தோட்டத்து மருந்து ஸ்டோர் இருக்கிறது. புல்லைக் கொல்லும் மருந்தும் பூச்சி மருந்தும் வைக்கப்படும் அக்கட்டடத்தில் இருப்புக் கணக்கு எழுதும் கிராணி நான். பணி ஓய்வு பெற்ற பின்னரும், அந்த நாற்றத்தில் உட்கார வேறு ஆள் முன்வராத காரணத்தால், ஆண்டுதோறும் என்னையே மீண்டும் அமர்த்தி வருகிறார்கள். ஸ்டோரை ஒட்டித் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று உண்டு. காலையில் மருந்து கலப்பது அங்கேதான். அதன் வாசலில், சிமெண்டுத் தரையில், கையகல மஞ்சள் கோடு ஒன்று வரையப்பட்டிருக்கிறது. நான் எழுதப்போவது அந்தக் கோட்டின் முன் நிற்கக் கற்றுக்கொண்ட என் துணைவியாரைப் பற்றி.

அவர் திருமணமாகி வந்த நாள்தொட்டு மருந்தடிக்கும் கும்பலில் வேலை செய்பவர். முதுகில் பம்பைச் சுமந்து, செம்பனை வரிசைகளுக்குள் நடந்து, மரத்தடியில் மண்டும் புல்லுக்கு மருந்தடிப்பது அக்கும்பலின் வேலை. நிறைந்த பம்பின் கனம் தோளில் இறங்கும். மாலையில் அதைக் கழற்றி வைத்த பின்னும் அது தோளிலேயே இருக்கும். கடந்த சில காலமாக அவருடைய வலது தோள் சொன்னபடி கேட்பதில்லை. தலை வாரும்போது பாதியில் சீப்பை இடக்கைக்கு மாற்றிக்கொள்வார். நான் பார்ப்பதைக் கண்டால் சீப்பில் முடி சிக்கிக்கொண்டதாகச் சொல்வார்.

கும்பலின் மண்டோர் ஓய்வு பெற்று, மகனோடு கோலா குபு பாருவுக்குக் குடிபெயர்ந்தபோது அவ்விடம் காலியாயிற்று. மண்டோர் பம்பு சுமக்க வேண்டியதில்லை. மருந்து சரியாகக் கலக்கப்படுகிறதா, ஆட்கள் உரிய உடுப்போடு நிற்கிறார்களா என்று பார்த்து, அவர்களை வேலைக்காட்டுக்கு அழைத்துச் செல்வதே அவருடைய பொறுப்பு. நிர்வாகம் என் துணைவியாரைக் கேட்டது. பயிற்சியில் தேற வேண்டும் என்பதைத் தவிர வேறு நிபந்தனை எதுவும் வைக்கவில்லை.

முன்னாளில் தோட்டத்தில் பயிற்சி என்றொன்று கிடையாது. புதிய ஆளைப் பழைய ஆளின் பக்கத்தில் நிறுத்தி, "பாத்துக்க" என்பார்கள். பயிற்சி அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிடும். நான் கிராணி வேலையைக் கற்றதும் அவ்வாறே. என் பேனாப் பிடிப்பு கூட எனக்கு முன்பிருந்த கிராணியின் பிடிப்புதான். இன்று செம்பனை எண்ணெய் வாங்குகிறவர்களே, அதைத் தரும் மரத்துக்கு யார் எவ்வுடுப்பில் மருந்தடித்தார்கள் என்று கேட்கிறார்கள். ஆகவே திரை வந்தது, திரையில் படம் வந்தது, இறுதியில் சான்றிதழும் வந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. யாரேனும் கேட்கிறார்கள் என்பதே எங்களுக்குப் புதுமை.

பயிற்சி கொடுக்க வந்தவர் பத்தாங் காலியைச் சேர்ந்த தமிழ்ப் பெண்மணி. கழுத்தில் சிறு சிலுவை அணிந்திருந்தார். முதல் நாள் சமூக மண்டபத்தில் எல்லாரும் கைகட்டி அமர்ந்திருந்ததைப் பார்த்து, "எங்கம்மாவும் பம்பு தூக்குனவங்கதான், கைய கீழ விடுங்கக்கா" என்றார். உடனே நாற்காலிகள் முன்னுக்கு நகர்ந்தன. ஸ்டோரைச் சார்ந்தவன் என்பதால் நானும் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன்.

அவர் மண்டபத்துத் தரையில் மஞ்சள் ஒட்டுநாடாவை ஒட்டினார்.

"இதுதான் ஸ்டோர்ல உள்ள கோடு. அந்தப் பக்கம் மருந்து கலக்குறாங்க. பூட், ஏப்ரன், மாஸ்க் இல்லாம யாரும் தாண்டக்கூடாது. யாரு நிறுத்தணும்?"

"மண்டோரு" என்றனர் அனைவரும்.

"லோரி டிரைவர் வந்தா?"

"நிறுத்தணும்."

"கிராணி வந்தா?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. "அவர மொதல்ல நிறுத்தணும் மேடம், மூக்க விட்டுப் பாக்காத டின்னே கெடையாது" என்றார் என் துணைவியாரின் தோழி. கும்பலில் அவரோடு நெடுங்காலமாக ஒன்றாக நடப்பவர். வாய் சும்மா இராதவர். மண்டபம் சிரித்து ஓய்ந்தது.

"சரி. மேனேஜர் வந்தா?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"தொரை எதுக்கு மேடம் அங்கெல்லாம் வர்றாரு" என்றார் தோழி.

"வந்தா?"

"வந்தா… அவரு தோட்டம்லா."

இந்தப் பதிலை விளங்கிக்கொள்ள எங்கள் வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்தில் துரையின் வண்டிச் சத்தம் கேட்டால் நாங்கள் ஒதுங்குவோம். நடந்து போகிறவர் சாலையை விட்டுப் புல்லில் இறங்குவார். மோட்டார் சைக்கிளில் போகிறவர் ஓரங்கட்டி, ஒரு காலை ஊன்றி, வண்டி கடக்கும்வரை நிற்பார். தொப்பி அணிந்திருந்தால் கை தானாகவே அதைக் கழற்றும். இது எந்த விதிநூலிலும் எழுதப்படவில்லை. இப்போதுள்ள மேனேஜரோ மென்மையான சுபாவமுடைய மலாய்க்காரர். யாரையும் ஒதுங்கச் சொன்னவரல்லர். நோயாளியின் வீட்டுக்குப் பழம் வாங்கிச் செல்பவர். ஆயினும் நாங்கள் அவரையும் துரை என்றே அழைக்கிறோம், அவருக்கும் ஒதுங்குகிறோம். நடக்கப் பழகும் வயதிலேயே கைப்பிடித்து ஓரத்துக்கு இழுக்கப்பட்டவர்கள் நாங்கள். பெற்றோர் தந்த அந்தப் பயிற்சியில் எவரும் தவறியதில்லை.

பயிற்சியாளர் இதை அறியாதவரல்லர். "எங்கம்மா இப்பவும் ஒதுங்குவாங்க, தபால்காரருக்குக்கூட" என்றார். பின்பு, தேர்வு நாளில் மேனேஜரே நேரில் வந்து கோட்டைத் தாண்ட முயல்வார் என்றும், மண்டோராகப் போகிறவர் அவரை நிறுத்திக் காட்ட வேண்டும் என்றும் அறிவித்தார்.

அன்று மாலை மோட்டார் சைக்கிளில் என் பின்னால் அமர்ந்து வந்த துணைவியார் வீடு வரும்வரை என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். காரணம் எனக்குத் தெரியும். முன்னொரு மழைக்காலத்தில், இப்போது வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிவிட்ட உதவி மேனேஜர் ஒருவர், மருந்து கலக்கும் வேளையில் ஏதோ அவசரமாகக் கொட்டகைக்குள் நுழைந்தார். காலில் அணிந்திருந்தது வழுக்கும் தோல் சப்பாத்து. ஈரத்தரையில் சறுக்கி, மேசையைப் பிடித்தார். மேசை சாய்ந்து, தண்ணீர் கலக்காத மருந்து தோழியின் ரப்பர் பூட்டுக்குள் வழிந்தது. அவர் பூட்டைக் கழற்றுவதற்குள் பாதத்துத் தோல் வெந்துவிட்டது. புண் ஆறுவதற்குப் பல வாரங்கள் சென்றன. அந்த வேளையில் வாசலில் நின்றுகொண்டிருந்தவர் என் துணைவியார். உதவி மேனேஜர் வருவதைக் கண்டு அவர்தான் வழி விட்டிருந்தார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. வழி விடுவது குற்றமென்று அப்போது யாரும் நினைத்ததில்லை. தோழி இன்றும் மழைக்காலத்தில் அந்தக் காலைச் சற்று இழுத்தே நடக்கிறார்.

தேர்வு நாள் காலையில் கும்பல் முழுவதும் கொட்டகையின் பக்கவாட்டில் வரிசையாக நின்றது. பயிற்சியாளர் அட்டையும் பேனாவுமாக ஒரு மூலையில் நின்றார். என் துணைவியார் பூட், ஏப்ரன், மாஸ்க் எல்லாம் அணிந்து கோட்டின் முன் நின்றார். மேனேஜர் சாதாரணச் சப்பாத்துடன், கைகளை ஆட்டிக்கொண்டு, நடிப்புக்குப் பழகாதவரின் கூச்சத்துடன் நடந்து வந்தார்.

துணைவியார் மாஸ்க்கை இறக்கி வாய் திறந்தார். அதற்குள் அவருடைய கால் ஒதுங்கிவிட்டது. மிக நேர்த்தியாக, ஓரடி பக்கவாட்டில், பார்வை தரையில். வரிசையில் நின்ற கும்பலும் யாரும் சொல்லாமலே அரையடி பின்னுக்கு நகர்ந்தது. மேனேஜர் தடுப்பார் இல்லாமல் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, இனி என்ன செய்வதென்று அறியாமல் நின்றார். பிறகு மலாயில் மன்னிப்புக் கேட்டார். யாரிடம், எதற்காக என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

"பரவால்லக்கா. இன்னும் தேறல, அவ்வளவுதான். அடுத்த வாரம் திரும்பப் பாப்போம்" என்றார் பயிற்சியாளர்.

தோழி அருகில் வந்தார். "வாயத் தொறந்தியே, என்னா சொல்ல வந்த?"

"நில்லுங்கன்னு."

"அப்புறோம்?"

"நான் நின்னுட்டேன், ஓரமா."

"நல்லாத்தான் நின்ன. கையில ஒரு மாலை இருந்தா போட்டு அனுப்பியிருக்கலாம்."

எங்கள் வீடு புக்கிட் ரோத்தானில் உள்ள மலிவு விலை வீட்டு வரிசையில் இருக்கிறது. அந்த வாரம் முழுவதும் எங்கள் சமையலறை வாசல் பயிற்சிக்கூடமாயிற்று. வாசலுக்குக் குறுக்கே ஒரு மஞ்சள் கயிற்றைப் போட்டேன். மேனேஜரைப் போல் கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு முன்வாசலிலிருந்து நடந்து வந்தேன்.

"நில்லுங்க. குளிக்காம அடுப்படிக்குள்ள வராதீங்க."

"நான் இப்போ தொரை."

"தொரைன்னா குளிக்க மாட்டாரா?"

"பூட்டு, ஏப்ரன்னு சொல்லு. குளிக்கிறதப் பத்திப் பேச்சில்ல."

"பூட்டு எங்க? ஏப்ரன் எங்க? கறிவேப்பில வாங்கியாரச் சொன்னேனே, அது எங்க?"

என்னை நிறுத்துவதில் அவருக்கு எவ்விதப் பயிற்சியும் தேவைப்படவில்லை. கதவருகில், மீன் வண்டியருகில், தொலைக்காட்சியின் முன்னால் என்று எந்த இடத்திலும் ஒரு சொல்லால் என்னை நிறுத்தக்கூடியவர் அவர். மேனேஜராகவே என்னை எண்ணிக்கொள்ளும்படி வேண்டினேன்.

"ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டு அப்படி நெனைக்க முடியல லா" என்றார்.

சிரித்துவிட்டு அடுப்பைச் சிறிதாக்கினார். பின்பு தாழ்ந்த குரலில், "வாய்க்குத் தெரியுதுங்க. காலுக்குத்தான் தெரியல" என்றார்.

அதன்பின் நாங்கள் சொற்களை விட்டுவிட்டோம். நான் நேராக நடந்து வருவேன்; அவர் பேசாமல் நிற்பார். அவ்வளவே பயிற்சி. என் மூச்சு அவர் நெற்றியில் படும் தூரம்வரை சென்று திரும்புவேன். வீட்டில் அவர் அசையவில்லை. ஆனால் காலைப் பெரட்டில், ஆட்கள் வரிசையில் நின்று அன்றைய வேலையைக் கேட்கும் இடத்தில், மேனேஜர் தம்மைக் கடக்கும்போது காலை அசைக்காமலிருக்க முயன்று பார்த்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் மாலையில், நான் கேட்காமலேயே, "நகந்துட்டேன்" என்பார். ஒரு நாள், "இன்னிக்கி குதிகால் மட்டுந்தான் நகந்துச்சு" என்றார்.

இரண்டாம் தேர்வு நாளில் மேனேஜர் இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்து கோலாலம்பூருக்குச் சென்றுவிட்டார். பயிற்சியாளர் அடுத்த தோட்டத்துக்குப் போக வேண்டியிருந்ததால் நாளைத் தள்ளவும் இயலவில்லை. அவரே மேனேஜரின் பாதுகாப்புத் தொப்பியை வாங்கி அணிந்துகொண்டு, குரலைத் தடிப்பாக்கி, கோட்டை நோக்கி வந்தார். துணைவியார் கை நீட்டி, "நில்லுங்க, பூட்டு இல்லாம உள்ள போகக்கூடாது" என்றார். பயிற்சியாளர் அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், அவசரம் என்றார். துணைவியார் அசையவில்லை. கும்பல் கைதட்டியது. மண்டபத்தில் மீகூனும் கரிப்பாப்பும் பரிமாறப்பட்டன. எல்லாரும் சேர்ந்து படமெடுத்துக்கொண்டார்கள். சான்றிதழ் அவர் கைக்கு வந்தது.

வீடு வந்ததும் அதை அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தார். சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம் என்றேன்.

"எதுக்கு? அந்தப் பொண்ண நிறுத்துனதுக்குக் குடுத்த காயிதம் இது."

"சட்டப்படி நீ தேறிட்ட."

"சட்டமா வந்து வாசல்ல நிக்கப்போவுது? நான்தானே நிக்கணும்."

"தொரை தெனமுமா ஸ்டோருக்கு வர்றாரு?"

"அன்னிக்கி அந்த உதவித் தொரையும் தெனம் வரலிங்க. ஒரு நாளுதான் வந்தாரு. நான் ஒதுங்கி, இன்னொருத்தி காலு வெந்துச்சுன்னா, கையில காயிதம் வச்சுக்கிட்டு நான் என்னா செய்ய? முடியாதுன்னு தெரிஞ்சா பம்பே தூக்கிட்டுப் போறேன்" என்றார்.

அந்தத் தோளை வைத்துக்கொண்டா என்று கேட்க நினைத்தேன். தைலத்தை எடுத்து வந்து தேய்த்துவிட்டேன். அவருடைய தயக்கத்தை வெறும் அச்சமென்று முதலில் எண்ணியிருந்தேன். தேய்த்துக்கொண்டிருந்தபோது அவ்வெண்ணம் என்னை விட்டு நீங்கியது. தேர்வில் தேறியதும் வேலையில் தேறியதும் வேறு வேறு என்று அவர் பிரித்துப் பார்த்தார். பயிற்சியின் சாரத்தை எங்கள் எல்லாரிலும் அவரே முழுமையாக உள்வாங்கியிருந்தார் என்று இப்போது கருதுகிறேன்.

அலுவலகம் அவரைத் தற்காலிகமாக மண்டோர் பொறுப்பைக் கவனிக்கச் சொல்லி, அப்பதவியை ஏற்கச் சம்மதமா என்று வாரக் கடைசிக்குள் தெரிவிக்கும்படி கேட்டிருந்தது. நாள்கள் கடந்தன. கும்பலில் அவரை "மண்டோரம்மா" என்று அழைக்கத் தொடங்கினார்கள். "இன்னும் சரின்னு சொல்லல" என்று ஒவ்வொருவரையும் திருத்தினார். "சொல்லித் தொலையேன், ஒன் பம்ப நான் தூக்கி வெளியில எறியிறேன்" என்றார் தோழி.

வாரக் கடைசி நாளுக்கு முந்தைய இரவில் பலத்த மழை பெய்திருந்தது. காலையில் கொட்டகையின் கூரையிலிருந்து ஒரு மூலையில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தரை முழுவதும் ஈரம். அந்த மூலையைத் தவிர்த்து மேசையை இடம் மாற்றி, துணைவியார் கலப்பு வேலையைத் தொடங்க வைத்தார். தோழிதான் கலந்துகொண்டிருந்தார். நான் ஸ்டோர் வாசலில், கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

மேனேஜரின் வண்டிச் சத்தம் கேட்டது. கூரை ஒழுகுவதைப் பார்க்கவே அவர் வந்திருந்தார். கோலா சிலாங்கூரில் ஏதோ கூட்டத்துக்குப் போகும் வழி. நல்ல கால்சட்டை, பளபளக்கும் சப்பாத்து. மேலே கூரையைப் பார்த்தபடியே நேராக வந்தார். என் கை தொப்பியைக் கழற்றியது. என் கால்கள் சுவரோரம் ஒதுங்கின. இது நிகழ்ந்து முடிந்த பின்னரே எனக்குத் தெரிந்தது.

துணைவியார் கோட்டின் மேல் நின்றார்.

"துவான், பூட் டுலு" என்றார். ஐயா, முதலில் பூட் என்று பொருள். அவருக்குத் தெரிந்த சந்தை மலாயில் அதற்குமேல் அலங்காரம் இல்லை.

மேனேஜர் கூரையிலிருந்து பார்வையை இறக்கினார். ஒரு நிமிடம்தான், பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று மலாயில் சொல்லி, இடப்பக்கமாக நகர்ந்தார். துணைவியாரும் இடப்பக்கமாக நகர்ந்தார். இப்போது இருவருக்கும் இடையே ஒரு முழத்துக்கும் குறைவான இடமே இருந்தது.

"பூட் டுலு, துவான்."

குரல் உயரவில்லை, முன்பைவிடத் தாழ்ந்தே வந்தது. உள்ளே கலக்கும் கோலின் ஓசை நின்றுபோயிருந்தது. மேனேஜரின் முகத்தை நான் கவனித்தேன். அவர் சினங்கொள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை. தம் எதிரில் நிற்பவர் யார் என்று அப்போதுதான் பார்ப்பவரைப் போலப் பார்த்தார். அன்றைய தேர்வு அவர் நினைவுக்கு வந்ததா என்பதை நான் அறியேன். பிறகு தம் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். வாசலில் கிடந்த மரப்பெஞ்சில் அமர்ந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

நான் ஸ்டோருக்குள் ஓடி, இருப்பதிலேயே பெரிய பூட்டைக் கொண்டு வந்தேன். அது அவருக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. கால்சட்டையை மடித்து உள்ளே திணித்துக்கொண்டார். துணைவியார் ஏப்ரனையும் மாஸ்க்கையும் நீட்டினார். அவர் அணிந்து முடிக்கும்வரை காத்திருந்து, பின்பு வழி விட்டார். மேனேஜர் உள்ளே சென்று, ஒழுகும் இடத்தைப் பார்த்து, தகரம் மாற்றச் சொல்லி அனுப்புவதாகக் கூறினார். நானும் அவர் பின்னால் சென்று ஆணி கழன்ற இடத்தைச் சுட்டிக்காட்டினேன்.

"ஏங்க."

திரும்பிப் பார்த்தேன். துணைவியார் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரப்பர் செருப்போடு கோட்டைத் தாண்டி நின்றுகொண்டிருந்தேன்.

"நீங்க எதப் போட்டுக்கிட்டு உள்ள நிக்கிறீங்க?"

"அப்பவே சொன்னேன், கிராணிய மொதல்ல நிறுத்தணும்னு" என்றார் தோழி, கோலை மீண்டும் கையில் எடுத்தபடி. மாஸ்க்குகளுக்குப் பின்னால் கும்பல் சிரித்தது. மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் என் செருப்பைப் பார்த்ததும் அவருக்கும் விளங்கிவிட்டது. நான் கோட்டுக்கு வெளியே வந்து, பூட் அணிந்து, அனுமதி பெற்றே மீண்டும் உள்ளே சென்றேன்.

வேலை முடிந்து வீடு திரும்பும்போது, அலுவலகம் நெருங்கும் இடத்தில் அவர் என் தோளைத் தட்டினார்.

"இங்க நிறுத்துங்க."

மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டினேன். இறங்கி முந்தானையைச் சரிசெய்துகொண்டார். நானும் உடன் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார், இஞ்சினையும் நிறுத்த வேண்டாம், சரியென்று சொல்லிவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகப்போகிறது என்றார். அலுவலகத்தின் படிகளில் அப்போது யாரோ இரு அதிகாரிகள் பேசிக்கொண்டே இறங்கி வந்தார்கள். அவர் நடையைக் குறைக்காமல் படிகளின் நடுவிலேயே ஏறிச் சென்றார். அவர்கள் ஆளுக்கொரு பக்கமாக விலகி வழி விட்டார்கள்.